மழை நாளில் மேல்மாடிக்கு வந்த விருந்தாளிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை பிறந்த வாரத்தில் நடந்தது இது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, பழைய பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கேதான் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். அறைகள் சுத்தமாக இருக்கின்றனவா, படுக்கை விரிப்பு மாற்றியாயிற்றா, குழாயில் வெந்நீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது என் வேலை. மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து போவேன்.

அந்த வீட்டைப் பார்த்ததும் விருந்தாளிகள் பலரும், "இங்க பேய் இருக்கா?" என்று கேட்பார்கள். அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை, ஆள் உயரத்துக்கும் மேலான ஜன்னல்கள், கால் வைத்தால் முனகும் மரப்படி. கேட்கத் தோன்றும்தான். "இருந்தா ரூம் வாடகை வாங்கியிருப்போமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவேன். அந்த வீட்டில் தனியாக எத்தனையோ முறை மேலும் கீழும் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

எங்கள் ரெஸ்டாரண்ட் கேப்டனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மேஜைகளை ஒழுங்கு செய்து, வருகிறவர்களை உட்காரவைத்து, பரிமாறுகிற பையன்களை வேலை வாங்குகிறவரைத்தான் எங்கள் தொழிலில் கேப்டன் என்போம். சேதராப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். தட்டு கழுவ வந்து, படிப்படியாக மேலே வந்தவர். வெள்ளைக்கார விருந்தாளிகளிடம் "போன்ழூர் மதாம்" என்று அவர் குனிந்து வணக்கம் சொல்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஒரு முறை வந்தவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது வரைக்கும் நினைவு வைத்திருப்பார்.

அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. எங்கள் தொழிலில் அது எப்படி வருகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நாள் முழுக்க நின்ற கால் வலிக்கும். பார்ட்டி முடிந்தால் பாட்டில்களில் மிச்சம் இருக்கும். கொட்டுவானேன் என்று ஒருவர் ஊற்றிக் கொடுப்பார். அப்படி ஆரம்பித்து, கடைசியில் காலையில் யூனிஃபார்ம் போடும் முன்பே ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியும் என்கிற நிலைமைக்கு அவர் வந்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. ஏலக்காயை மென்றுகொண்டே வருவார், நாங்களும் ஏலக்காய் வாசனை மட்டும் தெரிந்த மாதிரி இருந்துவிடுவோம்.

ஐப்பசியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். சூப் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு அவர் கையிலிருந்து நழுவி, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மடியிலேயே கொட்டிவிட்டது. பெரிய ரகளை. மறுநாள் மானேஜர் அவரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ உங்ககிட்ட வாசன வந்தா, யூனிஃபார்ம கழட்டி வெச்சிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி கேப்டன் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் இதற்காகவே கார்த்திகையை எதிர்பார்த்திருக்கும். மாலை போட்டுவிட்டால் குடி கிடையாது, கறி கிடையாது, காலில் செருப்பு கிடையாது. எல்லோரும் அவரைச் "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தோம். மானேஜரும் மனம் இளகி, செருப்பில்லாமல் வேலைக்கு வர அனுமதித்தார். எல்லோரும் போய்க் கை கூப்பிவிட்டு வந்தோம். ஒரே நாளில் மொத்தமாக விட்டுவிட்டாரே என்று எங்களுக்கு அவ்வளவு பெருமை.

மறுநாளே அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். "குளிரு மேடம், பச்சத் தண்ணில குளிக்கிறேன் இல்ல" என்றார். ஆனால் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கு அடுத்த நாள் புயல் எச்சரிக்கை. விருந்தாளிகள் எல்லோரும் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். கடற்கரைச் சாலையை அடைத்துவிட்டார்கள் என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். வேலையாட்களில் பாதிப் பேரை மானேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம்தான், ஆனால் வானம் விளக்கு வைக்கிற பொழுது மாதிரி இருட்டிக் கிடந்தது. கரண்டும் போய்விட்டது. மேல்மாடி ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் படியேறினேன். ஒழுகுகிற இடத்தில் போடலாம் என்று கையில் நாலைந்து டவல்.

படியில் ஈரக் கால் தடங்கள் இருந்தன. வெறும் கால். மேலே போய், நடைவழியில் திரும்பி, பெரிய டைனிங் ஹால் பக்கம் போயிருந்தன. அந்த ஹாலை அன்று காலையில்தான் நானே பூட்டாமல் சாத்திவிட்டு வந்திருந்தேன். அங்கே யாருக்கும் வேலை கிடையாது.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது, உள்ளே தட்டில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக ஒரு குரல். யாரையோ உபசரிக்கிற குரல்.

கதவைத் தள்ளினேன். எல்லா மேஜைகளிலும் வெள்ளைத் துணி விரித்து, தட்டு, கரண்டி, கண்ணாடி டம்ளர் எல்லாம் வைத்திருந்தது. நாப்கின்கள் தாமரை மாதிரி மடித்து வைத்திருந்தன. நாற்காலிகள், ஆட்கள் உட்கார்ந்திருந்தால் எப்படி இழுத்துப் போட்டிருக்குமோ அப்படி, ஒன்று கொஞ்சம் கோணலாக, ஒன்று மேஜையை ஒட்டி. நடுவில் கேப்டன் சொட்டச் சொட்ட நனைந்த யூனிஃபார்மில் நின்று, காலி நாற்காலி ஒன்றின் பக்கம் குனிந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே இரண்டடி வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

"பாத்து மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கொழந்த கீழ உக்காந்திருக்கு, மிதிச்சிடப் போறீங்க."

நான் தள்ளி நின்றேன். அங்கே குழந்தை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கால் தானாக நகர்ந்தது.

"சாமி, யார்கிட்ட பேசறீங்க?" என்றேன்.

"மழைல நனைஞ்சி வந்திருக்காங்க, பாவம். ஒரு டவல் குடுங்களேன்."

கொடுத்தேன். அவர் அதை ஒரு நாற்காலிக்கு எதிரே நீட்டி, கையை விட்டார். டவல் தரையில் விழுந்தது. அதை ஏன் வாங்கவில்லை என்று புரியாதவர் போல அந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணின் கருமணி முழுக்க விரிந்திருந்தது. அந்தக் குளிரிலும் முகத்தில் வேர்வை வழிந்தது. மேஜைத் துணியில் ஊர்கிற எதையோ விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

"நம்ம பார்மேனு வந்திருக்காரு, பாக்கலியா? எல்லாருக்கும் தண்ணி ஊத்திட்டேன். அவரு மட்டும் வேணான்றாரு."

எங்கள் ஓட்டல் பாரில் மது ஊற்றிக் கொடுத்த பார்மேன் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனவர். ஊருக்குப் போகிறேன் என்று லீவு எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாங்கள் எல்லோரும் போய் உடலுக்கு மாலை போட்டுவிட்டு வந்தோம்.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஜன்னல் ஓர மேஜையில் ஒரே ஒரு நாற்காலி வெளியே இழுத்திருந்தது. ஹாலில் இருந்த எல்லா டம்ளரிலும் தண்ணீர் இருந்தது. அங்கே மட்டும் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தது.

"உங்களப் பாத்து சிரிக்கிறாரு மேடம்" என்றார் கேப்டன்.

மிச்சம் இருந்த டவல்களை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். எந்தப் படியில் கால் வைத்தேன் என்று தெரியாது.

கீழே வரவேற்பறையில் மானேஜர், ரிசப்ஷன் பெண், செக்யூரிட்டி மூன்று பேரும் இருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் செக்யூரிட்டி வாயில் கை வைத்துக்கொண்டார். "அந்த பார்மேன்தான் புடிச்சிருக்காரு. இந்த வீடே அப்டி" என்றார். ரிசப்ஷன் பெண், மாலை போட்ட விரதத்தில் ஏதோ குறை வந்துவிட்டது, குருசாமியைக் கூப்பிடலாம் என்றது. மானேஜர்தான் கொஞ்சம் நிதானமாக, "தூக்கமில்லாம இருந்திருப்பாரு. ஆட்டோ வெச்சி வீட்டுக்கு அனுப்பிடலாம், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எப்படியாவது அவர் அந்த வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. எங்கள் செஃப். உழவர்கரைக்காரர். பெரிய உடம்பு, குறைவான பேச்சு. எந்தப் பார்ட்டிக்கும் வரமாட்டார், வேலை முடிந்தால் நேரே வீடு. பிரெஞ்சுச் சமையலில் ஒயின் ஊற்றிச் செய்கிற குழம்புகள் உண்டு. அதை மட்டும் அவர் கையால் தொட மாட்டார். உதவியாளரை ஊற்றச் சொல்லி, ருசி பார்க்கச் சொல்லி, தள்ளி நிற்பார். ரொம்பத் தலைக்கனம் பிடித்தவர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு வந்தவர், "மாலை போடறதுக்கு முன்ன தெனமும் குடிச்சாரா? காலைலயும்?" என்று கேட்டார்.

நான்தான், "ஆமா செஃப்" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும்.

"அவர வீட்டுக்கு அனுப்பாதீங்க. ரொம்ப நாளு குடிச்ச ஒடம்பு, டக்குனு நிறுத்தினா இப்டித்தான் வரும். எனக்கு வந்துச்சி" என்றார். "எனக்கு எறும்பு. செவுரு பூரா எறும்பு. எம் பொண்ணு மேல ஏறுதுன்னு, பச்சப் புள்ளயத் தூக்கிக்கினு போயி தண்ணித் தொட்டில முக்கப் போயிட்டேன். எங்கண்ணன்தான் இழுத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. வீட்லயே படுக்க வெச்சிருந்தா செத்திருப்பேன்னு டாக்டரு சொன்னாரு."

அத்தனை வருடம் அவர் கூட வேலை பார்த்திருக்கிறோம். யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவர் அப்படித் தள்ளி நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மானேஜர் முன்னால், வேலையாட்கள் முன்னால், அவர் அதை எடுத்து வைத்துவிட்டார்.

அந்த நேரம் மேலே பலகை அடிக்கிற சத்தம். ஜன்னல் திறந்து காற்றில் சுவரில் மோதுகிற சத்தம்.

மேலே ஓடினோம். ஹாலின் நெட்டை ஜன்னல்கள் தரை வரைக்கும் இருக்கும், திறந்தால் குறுகலான பால்கனி. அதன் இரும்புக் கம்பித் தடுப்பு பழைய காலத்தது, இடுப்புக்கும் கீழேதான் வரும். கேப்டன் அந்தத் தடுப்பின் மேல் பாதி உடம்பைச் சாய்த்து, மழைக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில் இல்லை. "கையக் குடுங்க மதாம், பயப்படாம ஏறுங்க, நான் புடிச்சிக்கிறேன்" என்று கீழே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே கருங்கல் பதித்த தெரு. அதில் யாரும் இல்லை.

செக்யூரிட்டி பாயப் போனார். செஃப் அவர் மார்பில் கையை வைத்துத் தடுத்தார். தொட்டால் பயத்தில் அந்தப் பக்கமே விழுந்துவிடுவார் என்று பிறகு சொன்னார். அந்த நொடியில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. செஃப் கதவருகிலேயே நின்றார், மூச்சை இழுத்தார், கூட்டம் நெரிகிற ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சமையலறையிலிருந்து எப்படிக் கத்துவாரோ அப்படியே கத்தினார்.

"பிக்கப்! சாமி, பிக்கப்!"

தட்டு தயார், வந்து எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் கேப்டன் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவார். எத்தனை வருடப் பழக்கம்.

அவர் முதுகு நிமிர்ந்தது. தூக்கியிருந்த கால் தரைக்கு வந்தது. மழையைப் பார்த்து, "ஒரு நிமிஷம் மதாம்" என்று சொல்லிவிட்டு, "வர்றேன் செஃப்" என்றபடி ஹாலுக்குள் நடந்து வந்தார். செஃபுக்கு எதிரே வந்து நின்று, தட்டு வாங்குவதற்கு எப்படி நிற்பாரோ அப்படி இரண்டு கையையும் நீட்டினார். செஃப் அந்தக் கைகளில் தன் கைகளை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சூடா இருக்கு. பாத்து நடப்பா. கீழ போலாம்" என்றார்.

மானேஜரே வேனை ஓட்டினார். பின்னால் செஃப் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் கேப்டன். வழி முழுக்க எங்கள் கால்மாட்டில் இருக்கிற யாரையோ தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் என் காலை மடக்கி வைத்துக்கொண்டே போனேன். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்து, முகம் நீலம் பாரித்து. அவர்கள் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மூடிய கதவுக்கு வெளியே மானேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆட்டோல அனுப்பியிருப்பேனே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

கேப்டனின் மனைவி மழையில் நனைந்து வந்து சேர்ந்தார். இரண்டு நாளாகக் கணவர் தூங்கவே இல்லை, சுவரைப் பார்த்து யாரையோ வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அழுதார். டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று தனியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம், விட வேண்டும்தான், ஆனால் வைத்தியர் துணையோடு, மருந்தோடு விட வேண்டும் என்றார். மாலை போட்டது தப்பா டாக்டர் என்று அந்த அம்மா கேட்டார். "அதுல ஒண்ணும் தப்பு இல்லம்மா. முன்னாடியே எங்ககிட்ட வந்திருந்தா, நாங்களும் கூட இருந்திருப்போம்" என்றார்.

சில நாட்கள் கழித்து கேப்டனைப் பார்க்கப் போனேன். முகம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் கண் பழைய கண். கை நடுக்கம் குறைந்திருந்தது. அன்று நடந்தது கொஞ்சம் கொஞ்சமாக நினைவு இருக்கிறது என்றார். பிறகு, மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து மெல்லச் சொன்னார்.

"நான் பாத்ததெல்லாம் நெஜமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு மேடம். சரி. ஆனா பார்மேனு எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. 'நானும் இப்டித்தான்டா நிறுத்தினேன்'னாரு."

அடுத்த வாரம் பார்மேன் மனைவியைத் தேடிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். குடியை விட்டுவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புவேன் என்று சொல்லித்தான் பார்மேன் லீவு போட்டிருக்கிறார். கை நடுங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆட்களோடு பேசியிருக்கிறார். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று அறையில் படுக்கவைத்து, மந்திரிக்க ஆள் கூப்பிடப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

இறந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கேப்டனுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதற்கும் காரணம் இருக்கும். லீவில் போகும்முன் பார்மேன் அவரிடம் சொல்லியிருக்கலாம், அது எங்கேயோ மனதுக்குள் கிடந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெரும்பாலான நாட்களில் நம்பவும் செய்கிறேன்.

கேப்டனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அதற்காக முதலாளியிடம் வாதாடியது மானேஜர்தான். பார் இருக்கிற பக்கமே வர வேண்டாம் என்று காலைப் பலகாரப் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். பார்ட்டியில் மிஞ்சுவதை அன்றன்றே கழுவு தொட்டியில் ஊற்றிவிட வேண்டும் என்று ஆயிற்று. வேலையாட்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, செஃப் மறுபடியும் அந்த எறும்புக் கதையைச் சொன்னார். இந்த முறை ஏப்ரனில் கையைத் துடைக்கவில்லை. விட நினைக்கிறவர்கள் தன்னிடம் வரலாம், ஆஸ்பத்திரிக்குத் தானே கூட வருவேன் என்றார். இதுவரை நான்கைந்து பேர் போயிருக்கிறார்கள். எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கேப்டனே பொங்கலுக்குப் பிறகு ஒரு முறை மறுபடி குடித்துவிட்டார். அன்று அவர் ஒளிந்துகொள்ளவில்லை, நேரே சமையலறைக்குப் போய் செஃப் முன்னால் நின்றார். இரண்டு பேரும் வேனில் ஏறிப் போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

மேல் ஹாலில் இப்போதும் விருந்து நடக்கிறது. நானும் போய்வருகிறேன். ஆனால் என்னோடு வேலை பார்க்கிற யாராவது, குடியை விட்டுவிட்டேன் என்று சந்தோஷமாக வந்து சொன்னால், எனக்கு முதலில் வருவது பயம்தான். அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடாமல், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்கவைப்பது அதுதான்.